நூற்றைம்பதாம் சைஸ் கராத்தே டிரெஸ்

“அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழமலருந்து எல்லாரும் டிரெஸ்ல வரணும். டிரெஸ் இல்லாதவங்க ஓரமா உக்காந்து பாக்கலாம். வரிசைல நிக்கக் கூடாது” என்று மாஸ்டர் சொன்னபோது நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டேன்.

எங்கள் கராத்தே வகுப்பு ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பெண்களுக்கு மட்டும். முகூர்த்த நாள் வந்தால் வகுப்பு கிடையாது. முந்தின நாள் விசேஷம் நடந்திருந்தால் தரை பிசுபிசுவென்று இருக்கும், சாம்பார் வாசனையும் போயிருக்காது. மாஸ்டர் காட்பாடியிலிருந்து ரயிலில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். அதட்ட மாட்டார், ஆனால் சொன்னதை இரண்டாம் தடவை சொல்லவும் மாட்டார். நாங்கள் பதினான்கு பேர். பாதிக்கு மேல் ஷூ கம்பெனிப் பெண்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சரும், வீட்டிலிருக்கும் சிலரும் மீதி.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் கழுத்து. பத்தாவது முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போனவள். இருபது வருடத்துக்கு மேல் தையல் மிஷினில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். குனிந்து குனிந்து கழுத்தும் தோளும் கட்டை மாதிரி ஆகிவிட்டன. வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா, கையை நன்றாக வீசி ஏதாவது செய்யச் சொன்னார். பக்கத்து மிஷினில் தைக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னதுதான் தாமதம். “யக்கா, ஞாயித்துக்கெழம கராத்தே கிளாஸ் ஆரம்பிக்கறாங்களாம். நீ சும்மா என் கூட வந்து நில்லு போதும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் வந்தாள். மூன்றாம் வாரம் முட்டி வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை.

அதுதான் எனக்கே ஆச்சரியம். நான் கூச்சக்காரி. கல்யாணப் பந்தியில் ரசம் வராவிட்டால் கேட்க மாட்டேன். வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வியாழக்கிழமையிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். கழுத்து வலி குறைந்தது உண்மை. ஆனால் அது மட்டுமில்லை. அங்கே எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து நிற்க வேண்டும். பார்த்தால் போதும், பேச வேண்டாம். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லாத எனக்கு அது ஏனோ பிடித்துவிட்டது.

அது போய்விடுமோ என்றுதான் பயந்தேன். காரணம் அந்த டிரெஸ்.

மாஸ்டர் போட்டிருப்பதைத்தான் பார்த்திருந்தேன். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. சட்டைக்குப் பட்டன் கிடையாது. இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே திறப்பு. கராத்தேயில் ஓயாமல் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கும்போது, முடியும்போது, ஜோடி மாறும் ஒவ்வொரு தடவையும். மாஸ்டர் குனியும்போது சட்டை முன்னால் தொங்கி நெஞ்சு முழுதும் தெரியும். ஆண்பிள்ளைக்கு அது ஒன்றுமில்லை. நான் இதுவரை சுடிதாரில் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றவள். இனி துப்பட்டா கிடையாது. ஊக்கு குத்திக்கொள்ளலாம் என்றால் ஊக்கு, வளையல், கம்மல் எதுவும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு நாள் குளிருக்கு ஸ்வெட்டரோடு வந்த ஒருத்தியிடம், “டிரெஸ்னா டிரெஸ் மட்டுந்தாம்மா. கூட எதும் சேக்கக் கூடாது” என்றார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

உள்ளே ஏதாவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். ஒரு ஆம்பளையிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். அவரிடம் பல வருடம் பழகிய நர்ஸம்மா ஒருவர், பெல்ட்டில் கறுப்புக்கு முந்தின நிறம் வரை வந்தவர், அடுத்த ஞாயிறு மாதிரி டிரெஸ்களோடு வந்து எல்லோருக்கும் அளவு பார்ப்பார் என்றார். ஆஸ்பத்திரி டூட்டி இருப்பதால் அவர் எப்போதாவதுதான் வருவாராம். பதினான்கு பேருக்கு முன்னால் ஒருவர் என் இடுப்பையும் தோளையும் அளந்து சத்தமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜுரம் என்று தகவல் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். ஜுரமெல்லாம் இல்லை. இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்கிறார். நான் கராத்தேக்குப் போவதை அவர் கேலி செய்யாத நாளில்லை, போகவேண்டாம் என்று சொன்ன நாளும் இல்லை. “இன்னாமே, கிளாஸ் போவாம மாவாட்டுறே?” என்றார். டிரெஸ் விஷயத்தைப் பாதி சொன்னேன், பாதி சொல்லவில்லை. “அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சினு கீறே? வேலூர்ல கெடைக்கும். வா, நாமளே போய் வாங்கிக்கலாம்” என்றார்.

வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் வாசல் வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “பையனுக்கா, பொண்ணுக்கா?” என்று கேட்டார். நான் கேரம் போர்டைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சத்தமாக, “இவங்களுக்குத்தான்” என்றார். கடைக்காரர் ஒரு நொடி கண்ணை விரித்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஏணி வைத்து ஏறி இரண்டு ரகம் எடுத்துப் போட்டார்.

ஒன்று மெல்லிசு, நைலான் கலந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் டியூப்லைட் தெரிந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டேன். இன்னொன்று முழுக் காட்டன், கித்தான் மாதிரி மொத்தம். கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. மடக்கிப் பார்த்தேன், மடிப்பில் சுருக்கம் விழுகிறதா என்று தேய்த்துப் பார்த்தேன், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து கனம் பார்த்தேன். கம்பெனியில் தோலை அப்படித்தான் பார்ப்போம். என் வீட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்து மோந்துகூடப் பார்த்தார்.

“துணிய மோந்து பாக்கற ஆளுங்கள இப்பத்தான் பாக்கறேன். ஆம்பூரா?” என்றார் கடைக்காரர்.

மொத்தமானதையே எடுத்துக்கொண்டோம். அப்புறம் சைஸ். உயரத்தை வைத்து நம்பர் போட்டிருந்தது. நூற்றைம்பது, நூற்றறுபது, நூற்றெழுபது. போட்டுப் பார்க்க அறை இல்லை. கேரம் போர்டுகளுக்குப் பின்னால் சுடிதார் மேலேயே சட்டையைப் போட்டேன். நூற்றறுபது தொளதொளவென்று இருந்தது. முன்னால் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நின்றது. நூற்றைம்பதைப் போட்டேன். கழுத்தோடு ஒட்டி, இறுக்கமாக, மூடிக்கொண்டு நின்றது. அப்பாடா என்று இருந்தது.

“ஒரு சைஸ் பெருசா எடுங்கம்மா. காட்டன். தண்ணில போட்டா சுருங்கும்” என்றார் கடைக்காரர்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய சைஸை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. புதுச் செருப்பு இறுக்கமாக இருந்தால்தான் நல்ல செருப்பு. போடப் போட விட்டுக்கொடுக்கும். முதல் நாளே தாராளமாக இருப்பது பத்து நாளில் காலை விட்டுக் கழன்று ஓடும். இருபது வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“இல்லிங்க, டைட்டாவே இருக்கட்டும். போடப் போட எடம் பண்ணிக்கும்” என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் அவ்வளவு உறுதியாக நான் பேசியதே இல்லை.

“கஞ்சி போட்டது சார், கொஞ்சம் சொல்லுங்க” என்று அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“விட்டுக்குடுக்கும் பாய், விட்டுக்குடுக்கும். இவ்ளோ மொத்தம் கீதே” என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும், கஞ்சி கழுத்தை அறுக்காமல் இருக்க, நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறப் போட்டேன். புதுத் துணிக்கு எப்போதும் செய்வதுதான். கசக்கிக் காயப்போட்டு, மறுநாள் கம்பெனியிலிருந்து வந்து போட்டுப் பார்த்தேன். கை மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே ஏறியிருந்தது. பேண்ட் கெண்டைக்காலில் நின்றது. அதெல்லாம் போகட்டும். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டிய இரண்டு பக்கமும் ஓரத்தோடு ஓரம் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றன. மூச்சை இழுத்தால் அதுவும் பிரிந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். “நான் கிளாஸ்க்குப் போவல” என்றேன்.

என் வீட்டுக்காரர் சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இரு, இரு. இதுக்குப் போயி. ஈரம் பண்ணி இழுத்துக் கட்டினா வந்துடும்” என்றார். அவர் வேலையே அதுதான். ஷெட்டில் ஈரத் தோலை ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் விரித்து, சுற்றிலும் கிளிப் மாட்டி இழுத்துக் காய வைப்பார்கள். சுருங்கிப்போன தோல் அதில் நன்றாக அகலம் கொடுக்கும். அந்த ஞாயிறு முகூர்த்த நாள், வகுப்பு கிடையாது. நல்ல வெயிலில் சட்டையை நனைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். பழைய இரும்புக் கட்டிலைத் தலைகீழாகப் போட்டு, நாலு காலிலும் கயிறு கட்டி, துணி கிளிப்புகளை மாட்டி இழுத்தார். கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் பறந்தன. கிளிப்பை விட்டுவிட்டு ஓரத்தையே முடிச்சுப் போட்டு இழுத்தார். சட்டை நாலு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது.

அடுத்த மாடியில் வடகம் காயப்போட்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாண்ணே, கன்னுக்குட்டித் தோலா? வீட்லயே ஷெட்டு போட்டுட்டியா?” என்றார்.

“ஆமா, எக்ஸ்போர்ட் ஆர்டர்” என்றார் இவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் அவிழ்த்தோம். முடிச்சுப் போட்ட நாலு இடத்தில் மட்டும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அதே அளவு. “தோலா இருந்தா இந்நேரம் ரெண்டு இஞ்ச் குடுத்திருக்கும்” என்று சட்டையைக் குற்றம் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த வாரம் கம்பெனியில் லேஸ் இல்லாத ஷூவுக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மிஷின்காரி, முட்டி வலிக்காரி, “இன்னாக்கா, இன்னும் கராத்தே போய்னுதான் கீறியா? மாமன அடிக்கறதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே பீஸைத் தள்ளினாள். லேஸ் இல்லாத ஷூவில் கால் நுழைய வேண்டும் என்று இரண்டு பக்கமும் எலாஸ்டிக் துண்டு வைத்துத் தைப்போம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தைக்கிறேன். அன்றைக்குக் கையிலிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். “யக்கா, லைன் நிக்குது” என்று அவள் இடித்த பிறகுதான் கை ஓடியது.

பஜாரில் ஷூ லைனிங் துணி விற்கும் கடையில் கனமான வெள்ளைத் துணி வாங்கினேன். வாங்கியதும் முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, ஷூவில் எலாஸ்டிக் வைப்பது மாதிரி, அக்குளிலிருந்து இடுப்பு வரை நாலு விரல் அகலத்தில் துண்டு வைத்துத் தைத்தேன். பேண்ட்டின் காலிலும் சட்டையின் கையிலும் ஒட்டுப் போட்டு நீட்டினேன். ஷூவுக்குப் போடுவது மாதிரி இரட்டைத் தையல். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. ஆனால் குனிந்தால்? கண்ணாடி முன் குனிந்தேன். தொங்கியது. பிரச்சினை முதலில் எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது. அதற்கு மேல் ஒட்டு வெள்ளையும் சட்டை வெள்ளையும் வேறு வேறாகத் தெரிந்தன.

முதல் ஞாயிறு வந்தது. போகாமல் இருக்க என்ன சொல்லலாம் என்று விடிந்ததிலிருந்து யோசித்தேன். ஜுரம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திக்கொண்டு, “போய் ஓரமா உக்காந்துனு பாரு. புடிக்கலனா எறங்கி வா. நான் கீழ டீக்கடைலதான் கீறேன்” என்றார். சுடிதாரில், டிரெஸ்ஸைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

உடை மாற்ற மணமகள் அறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கதவைத் தள்ளினேன். ஆள் உயரக் கண்ணாடி முன்னால் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது அவர்களின் கழுத்தை. சட்டைத் திறப்புக்குள் எல்லோருக்கும் வெள்ளையாக ஏதோ இருந்தது. கழுத்து ஒட்டிய வெள்ளை டி-ஷர்ட்.

பெல்ட் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார். பெல்ட்டின் பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே மாஸ்டர் சொன்ன நர்ஸம்மா என்று தெரிந்தது. “உங்கள நான் பாத்ததில்லையே. அளவெடுத்த அன்னிக்கு வரலையா?”

“ஜொரம்” என்றேன்.

“சரி, சீக்கிரம் மாத்துங்க. டி-ஷர்ட் கொண்டாந்தீங்களா?”

“டி-ஷர்ட்டா?”

“உள்ள போட. லேடீஸ் எல்லாம் உள்ள வெள்ள டி-ஷர்ட் போட்டுத்தான் கட்டணும். அதுதான் முறை. அன்னிக்கே எல்லாருக்கும் சொன்னேனே. போடாம வந்தா மாஸ்டரே வரிசைல விட மாட்டாரு.”

அங்கே மணப்பெண் உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். “ஐயோ, மயக்கமா? சாப்பிடலையா?” என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரே வார்த்தையில் எழுந்து போய்விட்டால், அப்புறம் கால் நிற்க மாட்டேன் என்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? “ஒன்னுமில்லம்மா” என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ, தன் பையிலிருந்து மடித்து வைத்த டி-ஷர்ட் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். “டூட்டிக்கு எப்பவும் ஒன்னு எக்ஸ்ட்ரா வெச்சிருப்பேன். போடுங்க.”

போட்டு, மேலே சட்டையைக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கண்ணாடிக்கு முன்னால் குனிந்தேன். வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு தடவை குனிந்தேன். சந்தேகம் தீர மூன்றாம் தடவையும்.

“ஏங்க, வலது பக்கம் உள்ள, இடது மேல” என்று நர்ஸம்மா சட்டையைப் பிரித்து மாற்றிக் கட்டிவிட்டார். அப்போதுதான் மற்றவர்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஷூ கம்பெனிப் பெண்களில் நாலு பேருக்குக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒருத்தி பேண்ட்டைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு சைஸ் பெருசா எடுங்க, பெருசா எடுங்கன்னு தலதலையா அடிச்சிக்கிட்டேன். கேட்டாத்தானே” என்றார் நர்ஸம்மா.

“போடப் போட விட்டுக்குடுக்கும்னு நெனச்சோம்” என்றாள் பேண்ட்டை இழுத்தவள்.

“இன்னாத்த விட்டுக்குடுக்குது? கையத் தூக்கினா மூச்சு நிக்குது” என்றாள் இன்னொருத்தி.

சொன்ன பேச்சைக் கேட்டு நூற்றெழுபது வாங்கியவர் டீச்சர் மட்டும்தான். தோலைத் தொட்டுப் பழகாதவர். கையை மூன்று மடிப்பு மடித்தும் தலகாணி உறைக்குள் நிற்பது மாதிரி நின்றார். “சுருங்கும்னு சொன்னாங்க. எப்ப சுருங்கும்?” என்று கேட்டார். அறையே சிரித்தது. நானும் சத்தமாகவே சிரித்தேன்.

வரிசையில் நின்றோம். நான் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், அந்த இடம் எனக்குப் பழகிவிட்டது. மாஸ்டர் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். குட்டைக் கைகளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். என் முன்னால் வந்தபோது பக்கத்து ஒட்டைக் குனிந்து பார்த்தார். “கையத் தூக்கும்மா” என்றார். தூக்கினேன். கை காதை ஒட்டி நேராக மேலே போனது. “நல்லாப் போகுது” என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். வணக்கத்துக்குக் குரல் வந்தது. என் இரண்டு கால் பெருவிரலையும் பார்க்கிற அளவுக்குக் குனிந்தேன்.

வகுப்பு முடிந்து கை கழுவும் குழாய்களில் எல்லோரும் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். பேண்ட்டை இழுத்தவள் என் பின்னாலேயே வந்து அக்குளுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். தையலை விரலால் நீவினாள். எங்கள் ஆட்கள் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்கள்.

“யக்கா, டபுள் தையலா? நீயா போட்டே?”

“ஆமா.”

“எனக்கும் ஒன்னு வெச்சுக் குடுக்கா. பேஜாரா கீது. மூச்சே விட முடில.” பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் சட்டையின் பக்கத்தைப் பிடித்துக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். “வெச்சுத் தரேன். ஆனா மொதல்ல வீட்டுக்குப் போயி நல்லா கொதிக்கற தண்ணில போட்டு எடுத்துனு வாங்க. சுருங்கறதெல்லாம் சுருங்கி முடிக்கட்டும். அப்புறந்தான் மிஷின்ல போடுவேன்.”